அழிக்க வேண்டிய குரல்

ஒமஹா, நெப்ராஸ்கா
24 ஜனவரி 1978

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே கூடாது என்று ஒமஹா வந்து சேரும்வரை பஸ்ஸில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. சுகமா? அண்ணிக்கு வாந்தி நின்றதா?

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அண்ணிதான் எடுத்தார். "அவர் கடைக்குப் போயிருக்கார்." "ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கார்." "தூங்கறார்." சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூங்குகிற ஆள்தான் நீ! என்னோடு பேச இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு.

நவம்பரில் கான்ஸஸ் சிட்டி மேடையில் மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாஸ் கிட்டாரைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனாயே, பாத்ரூமுக்குப் போகிறாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீ திரும்பி வருகிறவரை சமாளிக்கலாம் என்று கஸ் நிறுத்தாமல் ஏழு நிமிஷம் டிரம்ஸ் அடித்தான். அவனுக்குக் கை வலியும் போகவில்லை, கோபமும் போகவில்லை. "உங்க அண்ணன் பேரை எங்கிட்ட எடுக்காதே" என்கிறான். யாரும் எடுக்காவிட்டால் அவனே எடுத்து அரை மணி நேரம் திட்டுகிறான்.

பதினோரு வருஷம், அண்ணா. மூன்று ஆல்பம். 'உப்பும் பனியும்' நான்கே நாளில் பதிவு செய்தோம். டுலூத்தில் நம் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். 'கப்பல் வரும் நேர'த்தை அவர்களும் வாங்கவில்லை. 'வீட்டுக்கு முன்னூறு மைல்' வந்த பிறகுதான் ரேடியோக்காரர்கள் 'நார்த் பியர்' என்று நம் பேண்டின் பேரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பாட்டு எழுதுகிறவன் இறங்கிப் போய்விட்டான். அக்டோபரில் மெம்ஃபிஸில் ஒன்பது பாட்டுக்கு நாம் சேர்ந்து வாசித்து, வழக்கம்போல நான் பிறகு பாடுவதற்கு மாதிரியாக நீ டிராக் பாடி வைத்தது அப்படியே கிடக்கிறது. ரெக்கார்ட் கம்பெனிக்குக் கோடைக்குள் நாலாவது ஆல்பம் வேண்டுமாம்.

உன் இடத்தில் டல்சாக்காரர் ஒருவர் வாசிக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு நடுவில் திரும்பிப் பார்த்தால் அவர் நிற்கிறார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எதற்காகப் போனாய்? செயின்ட் லூயிஸில் கோபத்தில் சொன்னேனே, "ஜனங்க வர்றது என் குரலைக் கேக்கத்தான், உன் எழுத்தைப் படிக்க இல்ல"ன்னு, அதற்காகவா? அப்படியானால் நான் முட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அடுத்த ஊர்களின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தந்த ஓட்டல் முகவரிக்கு எழுது.

உன் தம்பி,
ராபின்


டுலூத், மினசோட்டா
4 பிப்ரவரி 1978

தம்பி ராபினுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சவுக்கியம். அண்ணிக்கு வாந்தி நின்று பசி ஆரம்பித்திருக்கிறது. ஒரு ஜாடி ஊறுகாயை நேற்று ஒரே மத்தியானத்தில் காலி செய்தாள். குழந்தை ஜூனில். எனக்குக் கொஞ்சம் தொண்டைக் கட்டு. பிப்ரவரியில் டுலூத்தில் யாருக்குத்தான் இல்லை?

நீ முட்டாள்தான், எழுதித் தர வேண்டியதில்லை. ஆனால் நான் வந்ததற்கு அது காரணமில்லை. செயின்ட் லூயிஸில் நீ சொன்னது சரியான பேச்சு. முப்பத்தாறு வயதாகிறது, பஸ் இருக்கையில் படுத்து முதுகு போய்விட்டது, பிறக்கப்போகிற குழந்தை என்னைப் போட்டோவில் பார்த்து வளர வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான். மாட்சன் இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆணி, கீல், பனி வாரும் மண்வெட்டி. வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று விரலால் காட்டுகிறார்கள், நான் எடுத்துக் கொடுக்கிறேன். அதிகம் பேச்சில்லாத வேலை, பிடித்திருக்கிறது.

போன் செய்யாதே. உன் அண்ணியின் அம்மா பொழுது விடிந்தால் லைனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். எழுது, எழுத்துத்தான் நமக்கு நல்லது.

ஒன்பது பாட்டையும் பாடும்போது ஒன்று மட்டும் நினைவில் வை. கையில் இருப்பதையெல்லாம் முதல் வரியிலேயே கொட்டிவிடுகிற புத்தி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இரண்டாவது சரணத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

கஸ்ஸிடம் கையை வெந்நீரில் வைக்கச் சொல். பதில் எழுத வேண்டும் என்று அவசரமில்லை.

அண்ணன்,
வெர்ன்


(டென்வர் ஓட்டல் முகவரிக்கு)
டுலூத்
9 பிப்ரவரி 1978

ராபின் தம்பிக்கு அண்ணி லொரெய்ன் எழுதுவது.

நீ நலமாக இருக்க வேண்டும். இது உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். அவர் கடைக்குப் போயிருக்கிறார். இந்த முறை நிஜமாகவே போயிருக்கிறார்.

அது தொண்டைக் கட்டு இல்லை, ராபின். குரல்வளையில் புற்றுநோய். அக்டோபர் கடைசியிலிருந்தே கரகரப்பு இருந்தது. கான்ஸஸ் சிட்டியில் அடுத்த பாட்டின் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாராம், காற்றுதான் வந்ததாம். பயந்து போய் இறங்கி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். மார்ச் முதல் தேதி ராச்செஸ்டரில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். ஆனால் குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை.

"ராபினுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான். இந்த ஆல்பம் நின்னுதுன்னா கம்பெனி அவங்களை விட்டுடும். முடியறவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன்.

உன்னை ஓடி வரச் சொல்லி இதை எழுதவில்லை. எனக்கு ஒன்று வேண்டும். போன வாரம் என் தங்கையிடம் கேசட் ரெக்கார்டர் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். "குழந்தைக்காக ஏதாவது பேசுங்க, எதையாவது" என்றேன். வெறும் உறுமல் மாதிரி ஏதோ வந்தது. அதை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் பனி வார ஆரம்பித்துவிட்டார். வார வேண்டிய பனிகூட அன்றைக்கு இல்லை.

வீடு முழுக்கத் தேடினேன். உங்கள் மூன்று ஆல்பத்திலும் அவர் பாட்டு இருக்கிறது, அவர் குரல் ஒரு சொல்கூட இல்லை. அவர் டிராக் பாடுவார், நீ அதன்மேல் பாடுவாய், அது அழிந்துவிடும், இதுதான் உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் அவர் பாடிய டேப் ஒன்றுதான் இப்போது மிச்சம். அதில் அவர் குரல் நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

இந்தத் தடவை அழிக்காதே, ராபின். பிறக்கிற குழந்தைக்கு அப்பாவின் குரல் என்று காட்ட எனக்கு வேறு எதுவும் இல்லை.

அவருக்குத் தெரியக் கூடாது. பதில் எழுதினால் என் தங்கை வீட்டு முகவரிக்கு எழுது, பின்பக்கம் இருக்கிறது.

அன்புடன்,
லொரெய்ன்


மெம்ஃபிஸ், டென்னஸி
26 பிப்ரவரி 1978

அன்புள்ள அண்ணா,

சுகம். தொண்டை சரியாகிவிட்டதா? தேன் சாப்பிடு.

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். கம்பெனி டென்வர், சால்ட் லேக், சாக்ரமென்டோ எல்லாவற்றையும் ரத்து செய்து எங்களை நேராக மெம்ஃபிஸ் ஸ்டூடியோவில் கொண்டுவந்து போட்டுவிட்டது. நான் அனுப்பிய பட்டியலைக் கிழித்துப் போடு.

முதல் நாள் ரெக்கார்டிங் இன்ஜினியர் ஹாஸ்கெல் அக்டோபர் டேப்பை ஓட்டினார். நீ பாடினாய். எத்தனை வருஷமாக உன் டிராக்கைக் கேட்கிறேன்! எங்கே மூச்சு எடுப்பது, எங்கே இழுப்பது என்று பாடம் படிக்கத்தான் கேட்பேன். நீ பக்கத்தில் இல்லாமல் கேட்டது இதுதான் முதல் தடவை. கஸ் சிகரெட் பிடிக்கப் போகிறேன் என்று வெளியே போனான். அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

கம்பெனி ஆள் பிரென்டிஸும் இருந்தார். "யாருய்யா இது?" என்றார். சொன்னேன். "இவரையே போட்டுடலாமே. இந்தக் குரல்ல ஏதோ இருக்கு. ஒரு வாரம் வந்து ஒழுங்காப் பாடிக் கொடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அண்ணா, மறைக்காமல் சொல்கிறேன், ஒரு மணி நேரம் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு யோசித்தேன். அவர் சொன்னது சரிதான். நீ எழுதியதை நீ பாடினால் அது வேறு. வா. நீ பாடு, நான் கிட்டார் வாசிக்கிறேன். ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன்.

வரமாட்டாய் என்றால் இன்னொரு கேள்வி. ஹாஸ்கெல் அவர் பாணியில் சொன்னார்: "இந்த டேப்புல மொத்தம் இருபத்திநாலு அறை. டிரம்ஸ், கிட்டார், ஆர்கன்னு எல்லா அறையிலயும் ஆள் குடி வந்தாச்சு. உங்கண்ணன் காலி பண்ணாத்தான் நீ உள்ள போகமுடியும்." எப்போதும் இப்படித்தான் செய்தோம். ஆனால் இந்த முறை எனக்குக் கை வரவில்லை. நீ சம்மதித்தால் முதலில் உன் குரலை வேறு டேப்பில் எடுத்து வைத்துவிடுவார். எடுத்து வைக்கட்டுமா?

பதில் வரும்வரை பாட ஆரம்பிக்க மாட்டேன்.

ராபின்


டுலூத்
14 மார்ச் 1978

தம்பி ராபினுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. ஏரிக்கு மீன் பிடிக்கப் போய் இரண்டு வாரம் அங்கேயே கிடந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் கை விறைத்துப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்.

நான் வரமாட்டேன். மறுபடி கேட்காதே.

அழி. எடுத்தும் வைக்காதே. எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தினமும் ஒரு தடவை போட்டுக் கேட்பாய். என்னைப் போலவே பாட முயற்சி செய்வாய். அது போதாதென்று அந்தக் கம்பெனி ஆள் ஒரு நாள் உனக்குத் தெரியாமல் அதையே ஆல்பத்தில் போட்டுவிடுவார். ஜனங்கள் அந்தக் குரலைத் தேடி வருவார்கள். மேடையில் அந்தக் குரல் இருக்காது. ஊர் ஊராக நீ மைக் முன்னால் நின்று எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாய். அப்படி உன்னை நிறுத்திவிட்டு நான் இங்கே கீல் விற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிக்கிறோம். யாரும் அழுவதில்லை. நான் எழுதும்போதே உன் குரலை மனதில் கேட்டுத்தான் எழுதினேன், பதினோரு வருஷமும். என் குரலில் எழுதியிருந்தால் பாட்டெல்லாம் இரண்டு சுருதி கீழே இருந்திருக்கும்.

ஆறாவது பாட்டை உட்கார்ந்து பாடு. நின்றால் காட்டிக்கொள்ளத் தோன்றும்.

அண்ணன்,
வெர்ன்


மெம்ஃபிஸ்
2 ஏப்ரல் 1978

அண்ணா,

எல்லாரும் நலம். சொன்னபடி செய்துவிட்டேன்.

பதினோரு நாளில் ஒன்பது பாட்டு. நான் பாடப் பாட, வரி வரியாக நீ போய்க்கொண்டிருந்தாய். அது காதில் கேட்காது. திரும்ப ஓட்டினால்தான் நீ இல்லை என்பது தெரியும். முதல் பாட்டுக்கு ஹாஸ்கெல் சிவப்புப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சிட்டியா?" என்று மூன்று தடவை கேட்டார். உன் கடிதத்தைக் காட்டினேன். கடைசிப் பாட்டுக்கு முன்னால் உன்னை ஒரு தடவை முழுசாகக் கேட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டுவிட்டு, "நான் காபி குடிச்சிட்டு வரேன்" என்று அவர் எழுந்து போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும் பாடினேன்.

ஆறாவதை உட்கார்ந்து பாடினேன். நன்றாக வந்திருக்கிறது என்று பிரென்டிஸே சொன்னார். இரண்டாவது சரணத்துக்கு மிச்சமும் வைத்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு உன்மேல் கோபம். மீன் பிடிக்க இரண்டு வாரம் கிடைக்கிறது, தம்பி கூப்பிட்டால் ஒரு வாரம் கிடைக்கவில்லை. பாட்டையெல்லாம் கொடுத்துவிட்டு நீ மட்டும் எங்கே போய் நின்றுகொண்டாய்?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

ராபின்


டுலூத்
8 ஏப்ரல் 1978

ராபினுக்கு,

நாங்கள் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆகவே அந்தச் சம்பிரதாயம் வேண்டாம்.

இரண்டு மாதமாக என் தங்கை வீட்டுத் தபால் பெட்டியைப் போய்ப் போய்ப் பார்த்தேன். நீ பதில் எழுதவில்லை. போகட்டும், உன்னால் எழுத முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நேற்று உன் கடிதத்தை அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அழித்துவிட்டாய். நான் கேட்டது அந்த ஒன்றுதான். அவர் அழி என்று சொல்வார் என்று தெரிந்துதானே உன்னிடம் தனியாகக் கேட்டேன்?

உன்னைத் திட்டத் தெம்பு இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

லொரெய்ன்


மெம்ஃபிஸ்
17 ஏப்ரல் 1978

அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. திட்டியது முதலில் வந்தது, செவ்வாய்க்கிழமை. என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவேயில்லை. மற்றது வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் போகாத டென்வருக்குப் போய், அங்கிருந்து பட்டியலைப் பார்த்து சால்ட் லேக், சாக்ரமென்டோ என்று ஒவ்வொரு ஓட்டலாக அலைந்து, கம்பெனி ஆபீஸுக்குப் போய், இங்கே வந்திருக்கிறது. உறை முழுக்க முத்திரை. பிப்ரவரி ஒன்பது என்ற தேதியைப் பார்த்துவிட்டு ஸ்டூடியோ வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அவரிடம் கேட்டேன், அண்ணி. எடுத்து வைக்கட்டுமா என்று எழுதிக் கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அழி என்று எழுதியிருக்கிறார். மீன் பிடித்தாராம்! அந்தக் கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒன்பது பாட்டையும் நானேதான் அழித்தேன். ஹாஸ்கெலைத் துளைத்தெடுத்தேன், ஏதாவது துண்டு, ஏதாவது பழைய நகல் என்று. எதுவும் இல்லை.

வியாழக்கிழமை வருகிறேன். வராதே என்றாலும் வருவேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ராபின்


டுலூத்
6 மே 1978

தம்பி ராபினுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? இங்கே இருவரும் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்: கழுத்தில் ஓட்டை, அதன்மேல் உன் அண்ணி பின்னிய மப்ளர், மற்றபடி நலம்.

நாலு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து என்னிடம் கத்திக் கத்திப் பேசினாயே, போனது என் குரல்தான், காது இல்லை. இரும்புக் கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கத்துகிறார்கள். மாட்சன் கிழவர் ஒருவர்தான் எப்போதும் போல முணுமுணுக்கிறார். அவர் மட்டும் மாறவில்லை.

நீ ஒரு நூறு தடவை மன்னிப்புக் கேட்டாய். சிலேட்டில் எழுதிப் பதில் சொல்ல முடியாத வேகம். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன். நீ தப்பு செய்யவில்லை. கேட்டாய், நான் சொன்னேன், செய்தாய். பொய் சொன்னது நான். லொரெய்னிடமும் அதைச் சொல்லிவிட்டேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் பேசக்கூடிய ஒரே ஆளும் பேசாவிட்டால் வீடு எப்படி இருக்கும், நினைத்துப் பார்.

குழந்தையை நான் நினைக்கவில்லை என்று நினைக்காதே. அந்த வார்டில் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறக்காத குழந்தையா, என் தம்பியா என்று வந்தது. உன்னை எனக்கு இருபத்தொன்பது வருஷமாகத் தெரியும். அதனால் உன் பக்கம் எழுதினேன். இப்போது லொரெய்னின் வயிறு அசைவதைப் பார்க்கும்போது, அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. தோன்றி என்ன செய்ய? நீ வருத்தப்படாதே. நான் வருத்தப்படுகிறேன், அது போதும்.

ஆல்பத்தை முடி.

அண்ணன்,
வெர்ன்


மெம்ஃபிஸ்
9 ஜூன் 1978

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். குழந்தை பிறந்துவிட்டதா? பிறந்திருந்தால் உடனே தந்தி கொடுங்கள். இந்தக் கடிதத்தை அண்ணியோடு உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்க உட்கார்ந்தோம். முதல் பாட்டில் நான் கிட்டாரில் தனியாக வாசிக்கிற இடம் வந்ததும் ஹாஸ்கெல் டேப்பை நிறுத்தினார். "ஏதோ கேக்குதே" என்றார். மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, டிரம்ஸுக்கு மேலே தொங்கவிட்டிருந்த இரண்டு மைக்கை மட்டும் திறந்தார்.

நீ, அண்ணா.

அக்டோபரில் கஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும் என்று டிரம்ஸுக்கு நேர் எதிரில் நின்றாய். உன் குரல் அந்த மைக்கிலும் போய் விழுந்திருக்கிறது. நீ பாடியதெல்லாம் டிரம்ஸ் சத்தத்துக்குள் மங்கிக் கிடக்கிறது, அதன்மேல் நான் பாடுகிறேன், ஒரு சொல்லும் பிரிக்க முடியாது. ஆனால் என் கிட்டார் மட்டும் போகிற இடத்தில் கஸ் அடக்கி வாசிக்கிறான், நீ பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சத்தம் போடுகிறாய். முதல் பாட்டில் "வா ராபின், வா!" மூன்றாவதில் "அப்படித்தான், ராபின்!" ஐந்தாவதில் நான் வேகமெடுத்துவிட்டேன் போலிருக்கிறது, "மெல்ல, ராபின், மெல்ல" என்கிறாய். எட்டாவதில் என் பேரைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாய், எதற்கென்று நினைவில்லை. இந்த நாலு இடம்தான். மற்ற பாட்டுகளில் தேடித் தேடிப் பார்த்தோம், இல்லை. கஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். ஹாஸ்கெல் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாக.

பிரென்டிஸுக்கு இது பிடிக்கவில்லை. "பின்னாடி எவனோ கத்தறான். டிரம்ஸை மறுபடி அடிச்சு எடுங்க" என்கிறார். கஸ் அவர் முன்னால் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சத்தம் போகணும்னா என் டிரம்ஸும் போகணும். வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டான். நானும் அவன் பக்கம் நின்றேன். மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்.

அண்ணா, பாட்டு ஒன்றுகூட மீட்க முடியவில்லை. என் பேரைக் கூப்பிட்டதுதான் மிச்சம். அண்ணி கேட்டது இது இல்லை, எனக்குத் தெரியும். அந்த நாலு இடத்தையும் கேசட்டில் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வைக்கட்டுமா, எடுக்கட்டுமா? இந்த முறை உன் சொல்லை மட்டும் கேட்டு எதையும் செய்ய மாட்டேன். அண்ணியும் கையெழுத்துப் போட வேண்டும்.

ராபின்


டுலூத்
27 ஜூன் 1978

தம்பி ராபினுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தாயும் சேயும் நலம். பெண். ஏழரை பவுண்டு. மூக்கு நம் அம்மாவுடையது, பாவம்.

கேசட் போன செவ்வாய்க்கிழமை வந்தது. கொழுந்தியாளின் ரெக்கார்டரில் போட்டோம். முதல் தடவை நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அது நான்தான் என்று எனக்கே தெரியவில்லை. அப்படியெல்லாம் கத்தியதாக நினைவே இல்லை. திரும்பி உள்ளே வந்தபோது லொரெய்ன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ரீவைண்ட் செய்து செய்து கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க ஈரம். குழந்தை தூங்கிவிட்டது. உன் கிட்டார் அப்படி.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வருத்தம். ஒரு வாழ்நாள் பேசியதில் மிச்சம் நாலு கூப்பாடு. அந்த நாலும் என் மகளைக் கூப்பிடவில்லையே என்று இருந்தது. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை, மறைத்தது போதும்.

லொரெய்னிடம் அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவள் படித்தாள். அலமாரியிலிருந்து பிறப்புச் சான்றிதழ்த் தாளை எடுத்தாள். பெயர் போடுகிற இடம் ஒரு வாரமாகக் காலியாக இருந்தது. அவள் தன் அம்மா பேர் வேண்டும் என்றாள், நான் கூடாது என்றேன், இழுத்துக்கொண்டே போனது. பேனாவை எடுத்து, நம் குடும்பப் பேருக்கு முன்னால் எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தாள்.

ராபின் லொரெய்ன் கிவேலா.

ராபின், பெண்ணுக்கும் வைக்கிற பேர்தானே. "இனிமே இது உங்க தம்பியோட பேர் இல்ல" என்றாள். "வா ராபின், வா"வை மறுபடி போட்டாள். அப்பா பெண்ணைக் கூப்பிட்டார்.

ஆகவே ஒன்றையும் எடுக்காதே. அந்த "மெல்ல, ராபின், மெல்ல" முக்கியம், அடுத்த வருஷம் நடக்க ஆரம்பிப்பாள்.

இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

வெர்ன்
லொரெய்ன்